ஆடியில் பூக்கும் மரத்துக்கு ஆடியிலேயே துணை வேண்டும்

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆப்பிள் மரங்கள் நட்டோம். ஒன்று அன்னா, இன்னொன்று கிரானி ஸ்மித். மூன்று வருடத்தில் கைக்குக் கிடைத்தது நாலைந்து கோணல் காய்கள்தான். ஆப்பிளுக்கு ஜோடி வேண்டும், இரண்டு ரகமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கன்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். சரியான பேச்சுதான், ஆனால் அது பாதிப் பேச்சு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடிக் கடைசியில், இங்கே குளிர்காலம் முடிகிற நேரத்தில், அன்னா வெள்ளையும் ரோஜாநிறமுமாகப் பூத்து நின்றது. அப்போது கிரானி ஸ்மித் வெறும் குச்சி. அது கண் விழித்தது புரட்டாசியில், வீட்டில் கறிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு. இடையில் ஆறு வாரத்துக்கு மேல். ஜோடி என்று நட்டோம், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

அந்த மூன்று வருடம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சித்தியும் ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமாவும் போன மாதம் ஒரே கேள்வியைக் கேட்டபோது போனில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. "துணைக்கு இன்னொரு ஆப்பிள் வைக்கட்டுமா, கிராப் ஆப்பிள் வைக்கட்டுமா?" இதுதான் கேள்வி. கிராப் ஆப்பிள் என்பது சின்னச் சின்னக் காய் விடும் ஆப்பிள் வகை. கேள்வி ஒன்று, ஆனால் டர்பன் கடற்கரைப் பக்கம் ஒரு பதில், எங்கள் ஊருக்கு ஒரு பதில், ஜொகன்னஸ்பர்க் மேட்டு நிலத்துக்கு வேறு பதில்.

முதலில் ஏன் ஜோடி வேண்டும் என்பது. ஆப்பிள் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. இருந்தும் பெரும்பாலான ரகங்கள் தங்கள் மகரந்தத்தைத் தாங்களே ஏற்பதில்லை. சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூள் முளைத்து, மெல்லிய குழாயாக நீண்டு, சூலகம்வரை இறங்க வேண்டும். அந்தக் குழாய் தன் வகையைச் சேர்ந்தது என்று பூ அடையாளம் கண்டால், பாதி வழியிலேயே நிறுத்திவிடும். பங்காளி வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் இல்லையா, அதே கணக்கு. இதில் பலர் தவறவிடும் ஒன்று: கடையில் வாங்கும் அன்னா எல்லாமே ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவை. ஒன்பது அன்னா நட்டாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரே மரம்தான்.

ஆப்பிளைக் குறுக்காக வெட்டினால் நட்சத்திரம் மாதிரி ஐந்து அறை தெரியும். அறைக்கு இரண்டு வீதம் பத்து விதை சாதாரணமாக இருக்கலாம். மகரந்தம் போதாத பூவில் இரண்டு மூன்று விதைதான் பிடிக்கும். விதை இல்லாத பக்கம் சதை வளராமல் காய் ஒருபக்கமாகச் சாயும், அல்லது பிஞ்சிலேயே உதிரும். என் அன்னாவின் கோணல் காய்களை வெட்டிப் பார்த்த அன்றுதான் இது எனக்கு உறைத்தது. ஒன்றில் இரண்டே விதை.

இனி குளிர். ஆப்பிள் மரம் இலை உதிர்த்துத் தூங்கினால், குறிப்பிட்ட அளவு குளிரை வாங்கிய பிறகுதான் எழும். 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று எண்ணுவது பழைய முறை. அன்னாவுக்கு 200 முதல் 300 மணி நேரம் போதும். டார்செட் கோல்டனுக்கு அதைவிடக் குறைவு. பிங்க் லேடிக்கு 400, 500 ஆகும். கோல்டன் டெலீஷியஸுக்கு 600க்கு மேல். ஆனால் நம் நாட்டில் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜூலை இரவு நன்றாகக் குளிரும், மறுநாள் மத்தியானம் 22, 23 டிகிரிக்கு ஏறிவிடும். இரவு சேர்ந்த குளிரில் ஒரு பங்கைப் பகல் வெயில் கரைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட மிதமான குளிர்காலத்துக்காகவே தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1990களில் வேறு கணக்கு முறை ஒன்றை வகுத்தார்கள். ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழித்து, கழிவு அதிகமான நாளைப் பூஜ்யம் என்று விட்டுவிட்டு, மிச்சமுள்ள நாட்களை மட்டும் கூட்டுவது. வீட்டுத் தோட்டத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. ஊருக்கு 500 மணி நேரக் குளிர் கிடைக்கும் என்று புத்தகத்தில் இருந்தால், பகலில் சட்டை போதும் என்கிற குளிர்காலம் உள்ள ஊரில் அதில் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

குளிர் போதாத மரம் செத்துப்போவதில்லை. தாமதமாக எழும், கிளையின் நுனியில் மட்டும் இலை விடும், நடுப்பகுதி மொட்டையாகவே இருக்கும், பூ ஒரு மாதம் இழுத்து இழுத்து நாலைந்தாக வரும். அதனால் ரகங்கள் பூக்கும் வரிசையே மாறிவிடுகிறது. குளிர் நாட்டில் ஒரே வாரத்தில் பூக்கும் இரண்டு ரகங்கள் வெப்பமான ஊரில் இரண்டு மாதம் தள்ளித் தள்ளிப் பூக்கலாம். ஐரோப்பிய, அமெரிக்க மகரந்தப் பட்டியல்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு கன்று வாங்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அன்னாவும் டார்செட் கோல்டனும்

வெப்பமான ஊருக்கு என் முதல் தேர்வு இந்த ஜோடி. அன்னா இஸ்ரேலில் ஐன் ஷெமர் கிப்புட்ஸில் உருவானது. அங்கே அபா ஸ்டைன் என்பவர் வெயில் நாட்டில் காய்க்கும் ஆப்பிளைத் தேடி ரகங்களைக் கலந்தார். கோல்டன் டெலீஷியஸ் அன்னாவுக்கு ஒரு பெற்றோர். டார்செட் கோல்டன் பஹாமாஸ் தீவில் ஒரு வீட்டில் முளைத்த கன்று. அந்த வீட்டு அம்மாவின் பெயரே அதற்கு வந்தது. உறைபனியே பார்க்காத தீவில் பிறந்த ஆப்பிள் என்பதை யோசித்துப் பாருங்கள். டர்பனுக்கு அதைவிடப் பொருத்தமான பூர்விகம் இருக்க முடியாது.

இரண்டுமே சீக்கிரம் எழுபவை, பூக்கும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும். அன்னா நீள்வாட்டில், சிவப்பு படர்ந்து, லேசான புளிப்போடு இருக்கும். டார்செட் மஞ்சள், இனிப்பு. கடலோரத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்பே பழுத்துவிடும். குறை என்றால், இரண்டும் வைத்திருக்கத் தாங்காது. பறித்து இரண்டு மூன்று வாரத்தில் மாவாகிவிடும். கிரானி ஸ்மித் மாதிரி மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் பழம் இவற்றிடம் கிடைக்காது.

அன்னா தனியாகவும் காய்க்கும் என்று சில விற்பனைச் சீட்டுகளில் எழுதியிருக்கிறது. கொஞ்சம் காய்க்கும் என்பது உண்மை, டார்செட்டும் அப்படித்தான். ஐன் ஷெமர் என்றே பெயருள்ள மஞ்சள் ஆப்பிளும் ஓரளவு தன் மகரந்தத்தில் காய் பிடிக்கும். இடம் ஒரே மரத்துக்குத்தான் என்றால் டார்செட்டையோ ஐன் ஷெமரையோ வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை என் கொல்லையில் மூன்று வருடம் பார்த்தவன் நான். துணை இருந்தால் காயின் எண்ணிக்கையும் வடிவமும் வேறு.

கிராப் ஆப்பிள்

மேற்குக் கேப்பில் எல்கின், கிராபோவ், சீரஸ் பக்கம் ஆப்பிள் தோட்டங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரிய ஆப்பிள் மரங்களின் வரிசைக்குள்ளே, கம்பத்தோடு கம்பமாக ஒல்லியான கிராப் ஆப்பிள் மரங்கள் நிற்கும். முன்பெல்லாம் ஒன்பது மரத்துக்கு ஒன்று என்று இன்னொரு சாப்பாட்டு ஆப்பிளை நடுவார்கள். அதன் பழத்தைத் தனியாகப் பறித்து, தனியாக விற்க வேண்டும். கிராப் ஆப்பிளில் அந்தத் தொல்லை இல்லை. வரிசையில் இடமே எடுக்காமல் ஒடுக்கி வளர்த்து, பூவுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

அதற்குக் காரணங்கள் உண்டு. நாம் சாப்பிடும் ரகங்களில் பல கோல்டன் டெலீஷியஸ் வழி வந்த உறவுக்காரர்கள். பிங்க் லேடியும் அந்தப் பிள்ளைதான். உறவு நெருங்கினால் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்று பாதியாவது தள்ளிவிட வாய்ப்பு உண்டு. கிராப் ஆப்பிள் வேறு குடும்பத்துச் சம்பந்தம் மாதிரி, அதன் மகரந்தத்தைக் கிட்டத்தட்ட எல்லா ரகமும் ஏற்கும். அப்புறம் பூவின் அளவு. சாப்பாட்டு ஆப்பிள் பெரும்பாலும் பழைய குட்டைக் கிளைகளில்தான் பூக்கும். கிராப் ஆப்பிள் போன வருடம் வளர்ந்த நீளக் கிளை முழுவதும் பூக்கும். குட்டைக் கிளைப் பூ முதலில், நீளக் கிளைப் பூ பிறகு என்று நாட்களும் நீளும். இரண்டு மூன்று வாரத்துக்கு மகரந்தம் நிற்காமல் கிடைக்கும்.

வாங்கும்போது பூவின் நிறத்தையும் பாருங்கள். தேனீ ஒரு நிறத்தில் வேலை ஆரம்பித்தால் அதையே பிடித்துக்கொண்டு போகும் பழக்கம் உள்ளது. அடர் சிவப்பாகப் பூக்கும் அழகுக் கிராப் ரகங்களைவிட, மொட்டில் ரோஜாநிறமும் விரிந்தால் வெள்ளையுமாக ஆப்பிள் பூவைப் போலவே இருப்பவை துணைக்கு நல்லது. அழகுக்கு வைப்பது வேறு, காய்க்காக வைப்பது வேறு.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, சித்தியை அதை வாங்க வேண்டாம் என்று நான் தடுத்தது ஏன்? கிராப் ஆப்பிள்களில் பெரும்பாலானவற்றின் பூர்விகம் சைபீரியா, மஞ்சூரியா, ஜப்பான். நல்ல குளிர் வாங்கிப் பழகியவை. மஞ்சூரியக் கிராப் எல்லாருக்கும் முந்திப் பூக்கும் என்று புத்தகங்களில் இருக்கிறது. அது குளிர் நாட்டு நடப்பு. அங்கே குளிர் தேவை டிசம்பருக்குள் தீர்ந்துவிடும், வசந்தத்தின் முதல் இளஞ்சூட்டிலேயே அது எழுந்துவிடும். குளிர் தேவையே தீராத இடத்தில் அதே மரம் கடைசியாக எழும், அதுவும் அரைத் தூக்கத்தில். அன்னா ஆடியில் பூத்து, ஆவணியில் காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகு கிராப் பூத்து என்ன பயன்?

என் கொல்லையில் மூன்றாவதாக நட்டது ஜப்பான் கிராப், ஃப்ளோரிபண்டா என்று விற்பார்கள். நட்டு இரண்டாம் வருடமே பூத்தது, ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி பாதிவரை. கிரானி ஸ்மித் பூவோடு அச்சாகப் பொருந்தியது. அந்த வருடம் கிரானி ஸ்மித்தில் முதல் தடவையாகக் கை நிறையக் காய் பார்த்தோம். அன்னாவுக்கு அதனால் துளியும் உதவி இல்லை. ஒரே கொல்லை, ஒரே குளிர், ஒரு மரத்துக்குத் துணை, இன்னொன்றுக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரர்.

கிராப் காய் வீணாகாது என்பதையும் சொல்லவேண்டும். ஃப்ளோரிபண்டாவின் காய் மிகச் சின்னது, புல்புல் குருவிகளுக்கே போய்விடும். கோல்டன் ஹார்னெட் மாதிரிக் கொஞ்சம் பெரிய காய் ரகம் கிடைத்தால் நெல்லிக்காய்க்குப் போடுகிற மாதிரியே மிளகாய்த்தூளும் கடுகும் போட்டு ஊறுகாய் போடலாம். ஜாம் இறுகாமல் தண்ணீராக நின்றால் ஒரு கைப்பிடி கிராப் காயைச் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும்.

மூன்று ஊர், மூன்று பதில்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று கடலோரம் முழுவதும் அன்னா, டார்செட் ஜோடி மட்டும்தான். கிராப் வேண்டாம், கிரானி ஸ்மித் வேண்டாம், கடையில் தின்ற பழம் பிடித்தது என்று பிங்க் லேடியும் வேண்டாம். டர்பனில் ஜூலை இரவு 10, 11 டிகிரியில் நின்றுவிடுகிறது. அன்னாவுக்கே அது போதாத குளிர்தான். மரம் இலையைக்கூட உதிர்க்காமல் நிற்கும். இதற்கு ஜாவா தீவில், பாட்டு என்ற மலையூர் விவசாயிகள் செய்வதைச் சித்திக்குச் சொன்னேன். அங்கே குளிர்காலமே கிடையாது. பழம் பறித்த சில வாரங்களில் இலை முழுவதையும் கையால் உருவிவிட்டு, கிளைகளை வளைத்துக் கட்டி, மரத்தைத் திரும்பப் பூக்க வைக்கிறார்கள். டர்பனில் ஜூன் கடைசியில் இரண்டு மரத்துக்கும் ஒரே நாளில் இலையை உருவினால், எழுவதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். ஒன்றுக்கு இன்று, இன்னொன்றுக்கு அடுத்த வாரம் என்று விட்டால் ஜோடி மறுபடியும் பிரியும்.

எல்கின் பக்கத்துப் பெரிய தோட்டக்காரர்கள் குளிர் குறைந்த வருடத்தில் டார்மெக்ஸ் என்ற மருந்தை எண்ணெயோடு கலந்து அடித்து மரங்களை ஒன்றாக எழுப்புகிறார்கள். யாராவது கொஞ்சம் எடுத்து வந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். தோலைப் புண்ணாக்கும் நஞ்சு அது. அதைக் கையாண்டவர் அந்த நாட்களில் மது குடித்தால் உடம்பு மோசமாகும். வீட்டுக் கொல்லைக்கு அது வேண்டவே வேண்டாம்.

சித்தியின் இன்னொரு கவலை குரங்கு. சாட்ஸ்வொர்த்தில் பழமரம் வைத்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கவலை. அதற்கு மகரந்தத்தில் பதில் இல்லை, வலைதான் பதில். மரத்தை ஆள் உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டிவைத்தால் வலை போர்த்துவது சுலபம். காயைப் பைக்குள் கட்டினால் நேட்டால் பழ ஈக்கும் தடையாகும்.

லெனேசியா நேர் எதிர். மேட்டு நிலம், ஜூலையில் காலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிருக்குப் பஞ்சமே இல்லை. அங்கே மாமா அன்னா வைக்கலாமா என்றார். வைக்கக் கூடாது என்பேன். அன்னாவுக்கு வேண்டிய கொஞ்சக் குளிர் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு நாள் வெயில் சுள்ளென்று அடித்தால் எழுந்து பூத்துவிடும், அடுத்த இரவுப் பனியில் பூ கருகும். குளிர் ஊரில் சோம்பேறி மரம்தான் பிழைக்கும். கோல்டன் டெலீஷியஸும் கிரானி ஸ்மித்தும், அல்லது இரண்டில் ஒன்றும் ஒரு வெள்ளைப்பூக் கிராப்பும் என்று வைத்தால் போதும். இங்கேதான் கிராப் ஆப்பிள் தன் முழு வேலையைக் காட்டும். இடம் குறைந்த வீட்டில் ஒரு சாப்பாட்டு மரம், வேலியோரம் ஒடுக்கி வளர்த்த ஒரு கிராப். அவர்களுக்குப் பெரிய பயம் ஆலங்கட்டி மழை, அதற்கும் வலைதான்.

நடுவில் இருக்கும் நாங்கள்தான் உண்மையில் குழம்புகிறவர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் இருக்கிறது. மேலே ஹில்டன், ஹோவிக் என்று ஏற ஏறக் குளிர் கூடும். ஹோவிக்குக்கு மேலே இருப்பவர்கள் லெனேசியாவின் பதிலையே எடுத்துக்கொள்ளலாம். நார்த்டேல், ரெய்ஸ்தோர்ப் பக்கம் இரண்டு கூட்டத்துக்கும் இடம் உண்டு. ஆனால் கூட்டங்களைக் கலக்கக் கூடாது. சீக்கிரக் கூட்டம் அன்னாவும் டார்செட்டும். தாமதக் கூட்டம் கிரானி ஸ்மித்தும் ஒரு கிராப்பும். நான் செய்த தவறு ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்று எடுத்ததுதான். இங்கே இன்னொரு சிக்கல், குளிர்காலக் கடைசியில் மலைப் பக்கமிருந்து அடிக்கும் பெர்க் காற்று. ஒரே நாளில் 30 டிகிரி தாண்டும், ஈரம் சுத்தமாக வற்றும். சீக்கிரக் கூட்டத்தை அது திடீரென்று பூக்க வைக்கும், பூத்திருக்கும்போது அடித்தால் சூல்முடியைக் காயவைத்து மகரந்தம் முளைக்காமல் செய்யும். அந்த நாட்களில் விடியற்காலையில் மரத்தடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுவேன். தாமதக் கூட்டத்துக்கு இந்த அபாயம் குறைவு என்பதால், எங்கள் ஊரில் புதிதாக நடுகிறவருக்கு ஒரு கூட்டம்தான் முடியும் என்றால் கிரானி ஸ்மித்தும் கிராப்பும் என்றே சொல்வேன். பழம் மாதக்கணக்கில் நிற்கும், ஊறுகாய்க்கும் அதுதான் ருசி.

இரண்டாவது மரத்துக்கு இடமில்லை என்றால்

ஒரே மரத்தில் இரண்டு ரகம். என் அன்னாவைக் காப்பாற்றியது இதுதான். தெரிந்த ஒருவர் வீட்டு டார்செட்டிலிருந்து ஜூனில் பென்சில் பருமனுள்ள இரண்டு குச்சி வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதே ஃப்ரிட்ஜில் பழம் வைக்கக் கூடாது. பழம் விடும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். அன்னா மொட்டு வீங்கத் தொடங்கும் நேரத்தில் ஒட்டுக்கட்டினேன். ஒரு குச்சி காய்ந்தது, ஒன்று பிடித்தது. மூன்றாம் வருடம் அந்த ஒரு கிளை பூத்தது. அது போதும். ஒரு மரத்துக்கு ஒரு கிளை மகரந்தம் தாராளம். நம் நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது என்பதால் ஒட்டுக்கிளையை வடக்குப் பக்கமே வையுங்கள். அதில் ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். வெட்டும்போது தெரியாமல் துணைக் கிளையையே வெட்டித் தள்ளியவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போன இடத்தில் நல்ல ரகம் பார்த்தேன் என்று வெளிநாட்டிலிருந்து குச்சியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆப்பிளையும் பேரியையும் எரித்ததுபோலக் கருக்கும் நெருப்புக் கருகல் நோய் பல நாடுகளில் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் இல்லை. ஒரு குச்சியில் அது வந்தால் எல்கின், சீரஸ், லாங்க்ளூஃப் என்று ஆப்பிள் விளையும் பகுதிகள் எல்லாமே ஆபத்தில்.

ஒரே குழியில் இரண்டு கன்று நடுவதும் நடக்கிற காரியம். முக்கால் மீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டு, நடுவில் வரும் கிளையை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே வேர்ச்செடியில், அதாவது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடியில், இருக்கட்டும். எம்எம்106 அல்லது எம்793 என்று கேட்டு வாங்குங்கள். வேரைப் பிடிக்கும் பஞ்சு அசுவினியை இவை தாங்கும்.

தற்காலிகத் துணையும் உண்டு. உங்கள் மரம் பூக்கும்போது தெருவில் வேறு ஆப்பிளோ கிராப்போ பூத்திருந்தால், கேட்டு நாலு கிளை வாங்கி, வாளித் தண்ணீரில் வைத்து உங்கள் மரத்தில் தொங்கவிடுங்கள். மற்ற வேலையைத் தேனீ பார்த்துக்கொள்ளும். தெருவில் ஏற்கெனவே சரியான மரம் இருந்தால் உங்களுக்கு இரண்டாவது மரமே தேவைப்படாமல் போகலாம். கன்று வாங்கும் முன் ஆடியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை தெருவைச் சுற்றி நடந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வழியை நான் ஒரு வருடம் செய்து பார்த்தேன். அன்னாவின் மகரந்தப்பைகளைத் திறக்கும் முன் கிள்ளி, ஒரு இரவு காகிதத்தில் காயவைத்து, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு சின்ன சீசாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காய்ந்த ஆப்பிள் மகரந்தம் குளிரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். புரட்டாசியில் கிரானி ஸ்மித் பூத்ததும் மெல்லிய தூரிகையால் தடவினேன். தடவிய கிளையில் காய் பிடித்தது. ஆனால் நூறு பூவுக்கு நூறு தடவை குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு விட்டுப்போனது. சின்ன மரத்துக்குச் சரி, பெரிய மரத்துக்கு இது வழியல்ல.

கடைசியாகத் தேனீ. துணை மரத்தைச் சரியாகத் தேர்ந்தும் பூத்த வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால் எல்லாம் வீண். எங்கள் பக்கத்துத் தேனீ கோபக்காரத் தேனீதான், ஆனால் 12, 13 டிகிரிக்குக் கீழே அதுவும் கூட்டை விட்டு வராது. ஆடி மாதக் காலையில் பத்து மணிக்கு முன் மரத்தில் ஒரு தேனீயைக்கூடப் பார்க்கமுடியாது. சுவரோரம், வடக்குப் பார்த்து, காற்று அடிக்காத மூலையில் நட்ட மரத்தில் அந்த மணி சீக்கிரம் வரும். மேற்குக் கேப்பில் இருப்பவர்கள் அங்குள்ள தேனீப் பெட்டியை உறவுக்காரர் வீட்டுக்கென்று வடக்கே அனுப்பிவிடக் கூடாது. 1990இல் கேப் தேனீயை அப்படிக் கொண்டுபோனதில் வடக்கில் ஏராளமான கூடுகள் அழிந்தன. இன்றும் அதற்குத் தடை இருக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. இங்கே ஆடி குளிர்காலத்தின் வால். ஆனால் வேரில் மண் இல்லாத ஆப்பிள் கன்றுகள் விற்பனைக்கு வருவது ஜூன் முதல் ஆகஸ்ட்வரை என்பதால், ஆப்பிளுக்கு அந்தப் பழமொழி இங்கேயும் பொருந்துகிறது. சித்தி அன்னாவும் டார்செட்டும் கேட்டு எழுதி வைத்திருக்கிறார், வடக்குப் பார்த்த சுவரோரம் ஒரே குழியில் இரண்டும். மாமா கிரானி ஸ்மித்தும் ஒரு வெள்ளைப்பூக் கிராப்பும். நான் இந்த ஆடியில் ஒட்டுக்கிளையின் துணியை மாற்றிக் கட்ட வேண்டும், போன வருடத்தது வெயிலில் நைந்துவிட்டது.